திருக்காவலூர் கண்ட தமிழ் முனிவர்

நுழையும்முன்

பிறந்த ஊர், பெற்றோர் இட்ட பெயர், தாய்மொழி, உடை, உணவு ஆகியவற்றைக் கொண்டே ஒருவர் தம்மை இன்னார் என அறிகிறார். இவை அனைத்தையும் விட்டு நீங்கிய பின்னும் ஒருவரிடம் எஞ்சி நிற்பது யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக அளித்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து, இறைப்பற்றால் தம்மை உணர்ந்து, தமிழால் தம்மை நிறுவிக்கொண்ட அவருடைய வரலாற்றில் அரியலூர் மண்ணுக்குத் தனி இடம் உண்டு.

கொள்ளிடத்தின் வடகரையில்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக விளங்கியவை. 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று; அதிலிருந்து பிரிந்த அரியலூர் 2007ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக நிலைபெற்றுள்ளது. சோழர் தலைநகராம் கங்கைகொண்ட சோழபுரத்தால் இந்நிலப்பகுதி உலகப்புகழ் பெற்றது. இதே மாவட்டத்தில், திருமானூருக்கு அருகில், கொள்ளிடத்தின் வடபுறத்தே அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. பேரரசர் எவரும் தலைநகராகக் கொள்ளாத இவ்வூர், தமிழிலக்கிய வரலாற்றில் திருக்காவலூர் என்னும் பெயருடன் இடம்பெற்றமைக்கு ஒரு துறவியே காரணர்.

இளமையும் துறவும்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காசுதிகிலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் கான்சுடான்சு சோசப் பெசுகி பிறந்தார். அவ்வூருக்கு ஏற்கெனவே ஒரு பெருமை இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன், அவ்வூரை ஆண்ட பிரபுக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்த அலோசியுசு கொன்சாகா, தமக்குரிய ஆட்சியுரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தார்; கொள்ளைநோயால் வாடியோருக்குத் தொண்டாற்றி, 23ஆம் வயதில் உயிர் நீத்தார். தமிழ்க் கிறித்தவர்கள் ஞானப்பிரகாசியார் என வழங்குவது அவரையே. குடிப்பிறப்பும் செல்வமும் மனிதரின் மதிப்பைத் தீர்மானிப்பன அல்ல என்னும் பாடத்தை அவ்வூரின் சிறுவர்கள் தெருவிலேயே கற்றனர் எனலாம்.

பெசுகி 1698ஆம் ஆண்டு இயேசு சபையில் சேர்ந்தார். அச்சபையினருக்கு நாள்தோறும் தம் உள்ளத்தைத் தாமே ஆய்ந்து நோக்கும் பயிற்சி இன்றியமையாதது. தன்னைப் படைத்த இறைவன் தன்னை அறிவான். ஆகவே பிறர் தரும் புகழாலோ இகழ்ச்சியாலோ தன் மதிப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்பது அப்பயிற்சியின் அடிப்படை. மெய்யியலையும் இறையியலையும் கற்றுத் தேர்ந்த பெசுகி, 1709ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். பின்னர் லிசுபன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1710ஆம் ஆண்டு கோவாவை அடைந்தார். அங்கிருந்து தெற்கு நோக்கிப் பயணம் செய்து, மறு ஆண்டில் தமிழகத்தின் மதுரை மறைப்பணித்தளத்தை வந்தடைந்தார். அப்போது அவருக்கு அகவை 30.

பெயர் மாறிய துறவி

மதுரையில் 1606ஆம் ஆண்டு பணி தொடங்கிய இராபர்ட் டி நொபிலி, ஐரோப்பிய நடையுடை பாவனைகளைக் களைந்து, இந்நாட்டுத் துறவியர்போல் வாழும் நெறியை வகுத்திருந்தார். பெசுகியும் அந்நெறியையே மேற்கொண்டார். காவியுடை அணிந்தார், மரக்கறி உணவு உண்டார், ஓலையும் எழுத்தாணியும் கைக்கொண்டார். நிலைபேற்றைக் குறிக்கும் தம் இயற்பெயரைத் தமிழகத்தாருக்கு ஏற்பத் தைரியநாதர் என மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் அப்பெயரும் தமிழ் வடிவம் பெற்று வீரமாமுனிவர் என நிலைத்தது.

பெயர் மாற்றம் எளிது. மொழி மாற்றம் எளிதன்று. நன்கு கற்ற அறிஞராக வந்தவர், புதிய மண்ணில் அகரம் பயிலும் மாணவராக மீண்டும் தொடங்கினார். இத்தாலியம், இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளில் பெற்ற புலமை, தமிழகச் சிற்றூரின் திண்ணையில் அவருக்கு உதவவில்லை. சிறுவர்கள் பிழையின்றிப் பேசும் சொற்களை அவர் தட்டுத்தடுமாறி ஒலிக்க வேண்டியிருந்தது. கற்றோர் எனத் தம்மை மதித்துக்கொண்டோருக்கு இது பெருஞ்சோதனை. பணிவைத் துறவின் ஒரு கூறாக ஏற்றிருந்த அவருக்கோ அது பயிற்சியாயிற்று. சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் தமிழிலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார் என்பர்.

உயிருக்கும் இடர் இல்லாமல் இல்லை. அவருக்கு முன் மறவர் நாட்டில் பணியாற்றிய அருளானந்தர் 1693ஆம் ஆண்டு ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். வீரமாமுனிவரும் தமிழகம் வந்த சில ஆண்டுகளிலேயே, 1714-1715ஆம் ஆண்டுக் காலத்தில், மரண தண்டனைக்கு உள்ளாகி அரிதின் உயிர் தப்பினார். திரும்பிச் செல்லும் எண்ணம் கொண்டிருந்தால் அதற்கு அதுவே தக்க காரணமாக அமைந்திருக்கும். அவர் திரும்பவில்லை. தாயகத்தை மீண்டும் காணாமலேயே எஞ்சிய வாழ்நாளைத் தமிழ் வழங்கும் நிலத்திலும் அதன் அண்டையிலும் கழித்தார்.

அடைக்கலம் தந்த ஊர்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் தென்புறம் தஞ்சை மராத்திய அரசின் ஆளுகையில் இருந்தது. அங்கே கிறித்தவர்கள் இன்னல்களுக்கு உள்ளாயினர். ஆற்றைக் கடந்து வடபுறம் சென்றால் அரியலூர் மழவராயரின் ஆட்சிப்பகுதி. இத்தகைய இடர்ப்பாட்டில் வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தோருக்கு ஏலாக்குறிச்சி புகலிடமாயிற்று. அவ்வூரைப் பணித்தளமாகக் கொண்டு வாழ்ந்த வீரமாமுனிவர், அங்குள்ள ஆலயத்தின் அன்னைக்கு அடைக்கல அன்னை எனப் பெயரிட்டார். ஊரைத் திருக்காவலூர் என்றார். அடைக்கலம், காவல் என்னும் இருசொற்களும் வெறும் அழகுச் சொற்கள் அல்ல. ஊரிழந்து வந்தோர் தம்மை அனாதைகள் எனக் கருதாமல், காக்கப்படுபவர்கள் என உணர வேண்டும் என்னும் அருள்நோக்கம் அவற்றில் உண்டு.

அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயர் கொடிய பிளவை நோயால் வருந்தியபோது, முனிவர் அவருக்கு மருத்துவம் செய்து குணமாக்கினார் என்றும், நன்றி பாராட்டிய மன்னர் ஆலயத்திற்கு நிலக்கொடை அளித்தார் என்றும் அவ்வூரில் மரபுவழிச் செய்தி வழங்குகிறது. அடைக்கல அன்னையைப் போற்றி முனிவர் திருக்காவலூர்க் கலம்பகம் என்னும் சிற்றிலக்கியத்தை இயற்றினார். அதுகாறும் பெருந்தலங்களுக்கும் வேந்தர்களுக்கும் உரியதாய் இருந்த கலம்பகம், ஏதிலியர் புகுந்த சிற்றூருக்கும் உரியதாயிற்று. விருத்தாசலத்திற்கு அருகிலுள்ள கோணாங்குப்பத்தில் அவர் எழுப்பிய ஆலயத்தில் பெரியநாயகி அன்னையின் திருவுருவம் சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணாகவே காட்சியளிக்கிறது. வழிபடும் பெண்டிர் தம் சாயலையே தெய்வத்தாயிடம் காணும் வாய்ப்பை அது அளித்தது.

தச்சர் தலைவரான காப்பியம்

வீரமாமுனிவரின் படைப்புகளுள் தலையாயது தேம்பாவணி. 1726ஆம் ஆண்டு நிறைவுற்ற இக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. தேம்பா அணி எனப் பிரித்தால் வாடாத மாலை எனவும், தேன் பா அணி எனப் பிரித்தால் தேன் போன்ற பாக்களாலான அணிகலன் எனவும் பொருள்படும். காசுதிகிலியோனேயின் ஞானப்பிரகாசியாருக்கு உரோமையில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டதும் இதே 1726ஆம் ஆண்டில்தான்.

காப்பியத் தலைவராக முனிவர் தேர்ந்தெடுத்தவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். அவரை வளன் எனத் தமிழ்ப்பெயரால் சுட்டுகிறார். தமிழ்க் காப்பிய மரபு, தன்னிகரில்லாத் தலைவனை வேண்டி நிற்பது. இராமனைப் போன்ற வேந்தர்குலத் தோன்றலோ சீவகனைப் போன்ற அரச குமாரனோ அத்தலைமைக்கு உரியவராகக் கருதப்பட்டனர். சூசையப்பர் தாவீது அரசரின் மரபில் வந்தவரே எனினும், அரியணையைக் கண்டவர் அல்லர். உளியும் இழைப்புளியும் ஏந்தி, உழைத்த கூலியில் குடும்பம் காத்த தச்சர். போர்க்களத்தில் வென்றவரும் அல்லர். நான்கு நற்செய்தி நூல்களிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இடம்பெறவில்லை. அவ்வாறு வாய்பேசாது கடமையாற்றிய ஒருவரைச் சுற்றி 3615 பாடல்கள் எழுந்தன. தன்னிகரில்லாமை என்னும் சொல்லுக்கு முனிவர் புதிய பொருள் தந்தார். குலமோ கொற்றமோ ஒருவரைத் தன்னிகரில்லாதவர் ஆக்குவதில்லை. தமக்கு ஒப்படைக்கப்பட்டதைக் கைவிடாது காப்பதே அவ்வாறு ஆக்கும் என்பது அக்காப்பியத்தின் உட்கிடை.

காப்பியத்தின் நிலமும் நோக்கத்தக்கது. பாலை மிகுந்த யூதேயா நாட்டை முனிவர் நெல்வயலும் கரும்பும் தாமரைப் பொய்கையும் நிறைந்த நாடாகப் புனைந்துள்ளார். காவிரி பாயும் நிலத்தின் வளத்தைக் கண்ட கண்களுக்கு எருசலேமும் தமிழ் நகராகவே தோன்றியது. ஏரோதின் கொடுமைக்கு அஞ்சித் திருக்குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்குப் புலம்பெயரும் பகுதியை அவர் விரிவாகப் பாடியுள்ளார். கொள்ளிடம் கடந்து திருக்காவலூர் அடைந்தோரின் துயருடன் அதனை ஒப்பிட்டு நோக்கினால், புகலிடம் தேடும் குடும்பத்தின் வலியை அவர் ஏட்டில் மட்டும் கற்கவில்லை என்பது விளங்கும்.

எளியோருக்கு ஏற்றம் தந்த எழுத்து

ஊர்தோறும் சென்று மக்களுக்கு மறைநெறி கற்பித்தவர்கள் வேதியர்கள் எனப்பட்ட உள்ளூர்த் தொண்டர்கள். அவர்களுக்காக முனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். செய்யுளே இலக்கியமெனக் கருதப்பட்ட காலத்தில், எளிய தொண்டர்களுக்காகச் செறிவான உரைநடையில் ஒரு நூல் பிறந்தமை குறிப்பிடத்தக்கது. அவர்கள் ஏவல் செய்வோர் அல்லர், உயர்ந்த பொறுப்பிற்கு அழைக்கப்பட்டோர் என்னும் தன்மதிப்பை அந்நூல் ஊட்ட முயன்றது.

மக்கள் நாவில் வழங்கிய பேச்சுமொழிக்கும் அவர் உரிய மதிப்பளித்தார். செந்தமிழுக்கு இலக்கணம் வகுத்ததோடு, அன்றாடத் தமிழுக்கும் கொடுந்தமிழ் இலக்கணம் என்னும் நூலை இலத்தீனில் எழுதினார். தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் உழவரோடும் வணிகரோடும் பேசிப் பழக வேண்டுமாயின், அவர்களுடைய மொழியும் கற்றற்குரியதே என்பதை அவர் உணர்ந்திருந்தார். நகைச்சுவை ததும்பும் பரமார்த்த குருவின் கதையும் அத்தகைய மொழிப்பயிற்சிக்கு உதவும் நோக்குடன் எழுந்ததே. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்தம் குருவும் இன்றளவும் தமிழ்க் குழந்தைகளைச் சிரிக்க வைக்கின்றனர்.

நிகண்டுகள் செய்யுள் வடிவில் இருந்தன. அவற்றை மனப்பாடம் செய்தவரே சொற்பொருள் அறிய இயலும். வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டு தொகுத்த சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகள் உடைமையால் அது சதுரகராதி எனப் பெயர் பெற்றது. ஆசிரியர் துணையின்றித் தாமே பொருள் தேடும் வழி கற்போருக்குத் திறந்தது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்தையும் தொகுத்துரைக்கும் தொன்னூல் விளக்கத்தையும் அவர் இயற்றினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து, தாம் போற்றிய அறநூலைத் தம் பிறந்த கண்டத்து அறிஞர்களிடம் கொண்டு சேர்த்தார்.

தெரிந்து தெளிவோம்

பழந்தமிழ் எழுத்துமுறையில் எ, ஒ என்னும் குறில்கள் புள்ளி பெற்றும், அவற்றின் நெடில்கள் புள்ளி பெறாமலும் எழுதப்பட்டன. பனையோலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும். ஆதலால் எழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர். அதனால் குறில் எது, நெடில் எது என அறிவது அரிதாயிற்று. எகரத்தின் காலை நீட்டி ஏ எனவும், ஒகரத்தின் அடியைச் சுழித்து ஓ எனவும், உயிர்மெய்யில் ஒற்றைக் கொம்பை இரட்டைச் சுழியாக்கியும் வீரமாமுனிவர் இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தார். இன்று தமிழ் எழுதுவோர் அனைவரும் அவர் வகுத்த வடிவங்களையே கையாளுகின்றனர்.

முரணும் முதிர்ச்சியும்

தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்குவும் அவர் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையினரும் அச்சகம் நிறுவித் தமிழில் நூல்கள் வெளியிட்டனர். கத்தோலிக்கத் துறவியாகிய வீரமாமுனிவர் அவர்களுடைய கொள்கைகளை மறுத்து வேதவிளக்கம், பேதகம் மறுத்தல் முதலிய நூல்களை எழுதினார். அவற்றில் சொற்கடுமை மிகுதி. தம் நம்பிக்கையில் உறுதி கொண்டவர்க்கு மாற்றாரின் உறுதியை மதிப்பது எளிதாய் அமைவதில்லை என்பதற்கு அவையும் சான்று. ஆயினும் வரலாறு வேறொரு முடிவை எழுதியது. அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738ஆம் ஆண்டு அச்சேறியது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான். சமயக் கருத்தில் மாறுபட்டோர் தமிழ்ப்பணியில் ஒன்றுபட்டனர்.

அரசியல் சூழலும் அமைதியாக இல்லை. திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றி ஆண்ட சந்தா சாகிபைக் கண்டு உரையாடும் பொருட்டு முனிவர் அவருடைய மொழியைக் குறுகிய காலத்தில் கற்றார் என்பர். முனிவரின் எளிமையைக் கண்டு வியந்த சந்தா சாகிப் இசுமத் சந்நியாசி என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கினார். தூய துறவி என்பது அதன் பொருள். 1741ஆம் ஆண்டு மராத்தியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைப்படுத்தினர். போரால் நாடு அலைக்கழிந்த அக்காலத்தில் முனிவர் தென்பகுதிக்குச் சென்று பணியைத் தொடர்ந்தார். இறுதிக்காலத்தைக் கேரளத்தின் அம்பலக்காட்டில் கழித்த அவர், 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பெயர் நிலைத்தது

முனிவரின் நூல்கள் ஏட்டுச்சுவடிகளாகப் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. சென்னையில் பணியாற்றிய எல்லிசு என்னும் ஆங்கிலேய அறிஞர் அவற்றைத் தேடிச் சேர்க்க முத்துசாமிப் பிள்ளை என்பாரை அனுப்பினார். ஊர் ஊராகச் சென்ற முத்துசாமிப் பிள்ளை சுவடிகளைத் திரட்டியதோடு, முனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். பரமார்த்த குருவின் கதை 1822ஆம் ஆண்டு இலண்டனிலும், சதுரகராதி 1824ஆம் ஆண்டு சென்னையிலும் அச்சேறின. 1968ஆம் ஆண்டு சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது கடற்கரையில் நிறுவப்பட்ட தமிழ்ச் சான்றோர் சிலைகளுள் வீரமாமுனிவரின் சிலையும் ஒன்று. வள்ளுவர், இளங்கோவடிகள், கம்பர், ஔவையார் ஆகியோர் வரிசையில் இத்தாலியில் பிறந்த ஒருவரும் நிற்கிறார். அவரை அயலவர் என எவரும் எண்ணுவதில்லை.

பெசுகி என்னும் குடிப்பெயரைத் தமிழகத்தில் அறிந்தோர் சிலரே. வீரமாமுனிவர் என்னும் பெயரை அறியாதார் இலர். இழப்பதற்கு அஞ்சாதவராகவே அவர் தம் பழைய அடையாளத்தைத் துறந்தார். இறைவன் தம்மை அறிவான் என்னும் உறுதி அவ்வச்சத்தைப் போக்கியது. அவ்வுறுதியே, தச்சரைக் காப்பியத் தலைவராகவும், ஏதிலியரைக் காவலுக்குரியோராகவும், பேச்சுமொழியை இலக்கணத்திற்குரியதாகவும் காணும் பார்வையை அவருக்கு அளித்தது. தம் மதிப்பை ஐயமின்றி உணர்ந்தவரால்தான் பிறர் மதிப்பையும் உணர இயலும். கொள்ளிடக் கரையில் அடைக்கலம் நாடி வந்தோரிடையே வாழ்ந்த அம்முனிவர், தாமும் தமிழிடம் அடைக்கலம் புகுந்தார். தமிழ் அவரைத் தன் மக்களுள் ஒருவராகவே ஏற்றுக் காத்து வருகிறது.

கற்பவை கற்றபின்

1. தேம்பாவணியின் தலைவரையும் நீங்கள் அறிந்த வேறொரு தமிழ்க் காப்பியத்தின் தலைவரையும் ஒப்பிட்டு, தன்னிகரில்லாமை என்பது யாது என வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. வீரமாமுனிவர் சீர்திருத்தம் செய்வதற்கு முன் இருந்த முறையில், புள்ளியிடாமல் சில சொற்களை எழுதிப் பார்த்து, பொருள் மயக்கம் நேரும் இடங்களைப் பட்டியலிடுக.

3. பிறநாட்டில் பிறந்து தமிழுக்குத் தொண்டாற்றிய சான்றோர் ஒருவரைப் பற்றிச் செய்திகள் திரட்டிக் கட்டுரை எழுதுக.